வெளியே போன நேரம் மட்டும்

1991 ஏப்ரல் முதல் நவம்பர் வரை என் குடலின் ஒரு துண்டு வயிற்றுக்கு வெளியே இருந்தது. தொப்புளுக்கு வலப்புறம், நான்கு விரற்கடை தள்ளி. சிவப்பாக, ஈரமாக, பெரிய நெல்லிக்காய் அளவில். அந்த எட்டு மாதத்தில் அதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் மொத்தம் இருபத்தாறு பேர். இருபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள். மற்ற மூவர் என் மனைவி, ஒரு பிட்டர், ஒரு போலீஸ்காரர்.

நான் கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காலை ஐந்து ஐம்பதுக்குக் கம்பெனி பஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்ப்பதும் எழுதுவதும்தான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுப் படிகள், தெருவிளக்குகள், பஸ்ஸில் நிற்பவர்கள் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். அப்படித்தான் கழிப்பறையில் ரத்தத்தையும் எண்ணினேன். மூலம் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்றாவது முறைதான் மனைவியிடம் சொன்னேன்.

"நாப்பத்து மூணு வாட்டி பாத்துக்கினு இருந்தீங்களா?" என்றாள். "எண்றதுக்கு நேரம் இருந்துச்சு, சொல்றதுக்கு வாயில்லையா?"

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்ச் கடைசியில் அறுத்தார்கள். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி. புற்றுநோய்தான். கட்டியை முழுதாக எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். ஆறு நாட்கள் நன்றாக இருந்தேன். ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. வயிறு பலகை போல் ஆனது. உள்ளே போட்ட தையல் கசிந்துவிட்டது. மறுபடி அறுத்து, கசிந்ததைக் கழுவி, தையல் ஆறும்வரை எதுவும் அந்த வழியே போகக் கூடாது என்று சிறுகுடலில் ஒரு வளையத்தை வெளியே இழுத்து வைத்துவிட்டார்கள். தின்றது எல்லாம் அதன் வழியே ஒரு பையில் விழும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் கட்டிலருகே நின்று சொன்னார்: "இது தற்காலிகம்தான். உள்ளே ஆறணும், நீங்க தேறணும். இப்ப நாப்பத்தொரு கிலோ இருக்கீங்க. நாப்பத்தாறு ஆகி வாங்க, மூடிடலாம்."

"ஆகலேன்னா?"

"வருஷக் கடைசிக்குள்ள தேறலேன்னா இப்படியே விட்டுடறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு."

ஐந்து கிலோ, எட்டு மாதம். இதைவிடப் பெரிய கணக்குகளையெல்லாம் பார்த்தவன் நான். நாற்பத்தாறு ஆகாமல் விடுவதில்லை என்று அந்தக் கட்டிலிலேயே முடிவு செய்தேன்.

முதல் தொல்லை பையில் வந்தது. வெளிநாட்டுப் பை, நகரத்தில் ஒரே ஒரு கடையில் கிடைக்கும், பாதி நாட்கள் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். வயிற்றில் ஒட்டினால் மூன்று நாள் இருக்க வேண்டும். எனக்கு ஆறு மணி நேரம்கூட நிற்கவில்லை. சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீர் போல் வரும். பட்ட இடத்தையெல்லாம் அரிக்கும். ஒட்டு உரியும், ஓரத்தில் கசியும், தோல் வெந்து சிவக்கும். ஈரத் தோலில் அடுத்த பை ஒட்டாது. ஒரு வாரத்தில் பன்னிரண்டு பைகள் போயின. பிறகு பஞ்சு, பழைய வேட்டித் துணி, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் என்று என் மனைவி என்னென்னவோ வைத்துக் கட்டினாள். வீட்டில் யாரும் வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். வாசனை எனக்கே தெரிந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் பின்கட்டுக்குப் போக நேரமில்லாமல் ஒருவர் உள்ளே வந்துவிட்டார். எங்கள் தொழிற்சாலையில் டூல் ரூம் பிட்டராக இருந்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. என்னோடு ஓய்வு பெற்றவர். இவருக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. எங்கள் கேட்டில் மூன்று நிமிஷம் வரை மன்னிப்பு, நான்காவது நிமிஷம் ஆனால் சிவப்பு மையில் லேட் மார்க், அரை நாள் வெட்டு. அவருக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

வாசலிலேயே நின்று கேட்டார்: "இன்னா டைம் ஆபீசு, உன் கேட்டு இப்ப இருவத்தி நாலு அவரும் தொறந்தே கீதாமே?"

என் மனைவி சிரித்துவிட்டாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் உட்கார்ந்து, மூக்கைச் சுளிக்காமல், "காட்டு" என்றார். காட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ரூலை எடுத்து, தோலில் படாமல் பிடித்து அளந்தார்.

"முப்பத்தஞ்சு எம்எம். நாப்பதுல போட்டா ஃப்ரீயா இருக்கும். ஒட்டற வேலையே வாணாம் சார். பைப்புக்கு வெக்கிற மாதிரி பிளாஞ்சு வளையம் வெச்சு டைட் பண்ணிட்லாம்."

"இது பைப் இல்லை ஐயா, குடல்."

"ரெண்டுத்துக்கும் லீக்கு லீக்குதானே?"

நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தார். பூந்தமல்லியில் தெரிந்தவர் லேத்தில் கடைந்த வெள்ளை நைலான் வளையம். அதன் உதட்டில் சுற்றிலும் ஒரு காடி, மெல்லிய பள்ளம். கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பையின் வாயை வளையத்துக்குள் கொடுத்து மடித்து அந்தக் காடியில் மாட்டிவிடலாம். வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே சைக்கிள் டியூபில் வெட்டிய மெத்தென்ற வாஷர். எல்லாவற்றையும் வயிற்றோடு அழுத்திப் பிடிக்க, பார்சல் கட்டும் காக்கி நாடாவில் தைத்த, இரும்புப் பக்கிள் போட்ட பெல்ட். முழுவதும் இருநூற்று நாற்பது கிராம். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.

முதல் நாள் பதினோரு மணி நேரம் சொட்டு கசியவில்லை. அன்று கோயில் குளம்வரை நடந்துவிட்டு வந்தேன்.

அந்த மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது என்ன என்று நாடே அறியும். அதை நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காவல். ஒரு மனிதர் இடுப்பில் எதைக் கட்டியிருக்கிறார் என்பதே பயமான விஷயமாகியிருந்த நேரம். அந்த வருஷத்தில், அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, படித்த நானும் கைதேர்ந்த அவரும் சேர்ந்து வயிற்றில் கட்ட ஒரு பெல்ட் செய்திருக்கிறோம். அதில் வளையம், நாடா, பக்கிள். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. எங்களுக்குக் கசிவு நின்றதுதான் பெரிதாக இருந்தது.

கசிவு நின்றதும் நான் நோட்டுப் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நீள நோட்டு. பையைக் காலி செய்யும் ஒவ்வொரு தடவையும் மணி, நிமிஷம், எத்தனை மில்லி. அளப்பதற்கு மருந்துக் கடையிலிருந்து கோடு போட்ட ஜாடி ஒன்று வாங்கினேன். நாளை மூன்று ஷிப்டாகப் பிரித்தேன். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு. பகல் ஷிப்டு இரண்டிலும் உற்பத்தி அதிகம். ஒரு நாள் மொத்தம் ஆயிரத்து அறுநூறு மில்லி வந்தது.

எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. இவ்வளவு வெளியே போனால் உடம்பில் என்ன மிஞ்சும்? குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்பது? ஆட்கள் குறைவாக வந்தால் குறைவாகத்தானே போவார்கள். காலையில் இரண்டு இட்லியை ஒன்றாக்கினேன். மதியம் சாதம் ஒரு பிடி. தண்ணீர் குடித்தால் அரை மணியில் அப்படியே பையில் விழுகிறது என்று பார்த்து, தண்ணீரையும் குறைத்தேன். நோட்டில் பலன் தெரிந்தது. ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து இருநூறு, தொள்ளாயிரம். ஒவ்வொரு வாரமும் கீழே ஒரு கோடு போட்டு மொத்தம் எழுதும்போது மனதுக்கு அவ்வளவு நிறைவு.

"ஒரு வாய் கூட சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

"எண்ணைப் பார்" என்று நோட்டைக் காட்டுவேன்.

"எண்ணைப் பாத்து நா இன்னா பண்றது? உங்க கன்னத்தைப் பாக்கறேன், குழி வுழுந்து கீது."

ஞாயிற்றுக்கிழமைதோறும் பிட்டர் என்னை விறகுத் தொட்டிக்குக் கூட்டிப் போவார். அங்கே விற்கும் விறகை நிறுக்கப் பெரிய தராசு இருந்தது. ஒரு பக்கத் தட்டில் நான் உட்காருவேன், மறுபக்கம் கல்லும் படியும். நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பதரை. தராசு பழுது என்றேன். பிட்டர் தராசின் முள்ளைப் பார்த்தார், கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"தராசு கரெக்டா கீது சார். பாரம்தான் இல்ல. போன வாரம் இந்தத் தட்டுல கட்டுன சவுக்க மிளாறு உன்னவிட வெயிட்டு."

ஜூலையில் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக வேண்டிய நாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வழியில் பை நிறைந்தால் என்ன செய்வது? அதனால் ஒரு திட்டம் போட்டேன். முதல் நாள் மாலை ஆறுக்கு மேல் சோறில்லை, தண்ணீரில்லை. காலையில் பை காலி. என் திட்டம் பலித்தது என்று பெருமையோடு பஸ் ஏறினேன். மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

இன்று கார் தொழிற்சாலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது வெறும் காடும் கொல்லையும். அங்கே சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஆண்களை இறங்கச் சொல்லி வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் பதினேழு பேர். நடுவயதுக் கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் சட்டைமேல் கை வைத்தார். கை வளையத்தில் இடித்தது. கீழே தடவினார். நாடா. பின்னால் தடவினார். பக்கிள்.

கையை மெதுவாக எடுத்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"அசையாத" என்றார். பிறகு பெரிதாக: "எல்லாம் தள்ளிப் போ! தள்ளிப் போ! கைய மேல தூக்கு பெரியவரே, கைய மேல தூக்கு!"

வரிசை சிதறியது. பஸ்ஸிலிருந்த பெண்களும் இறங்கி ஓடினார்கள். நான் நடுச் சாலையில் தனியாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். முப்பது அடிக்கு அப்பால் துப்பாக்கியோடு நான்கு பேர்.

"இன்னாய்யா அது இடுப்புல?"

"குடல்" என்றேன்.

"இன்னா?"

"குடல் சார். என் குடல். ஆபரேஷன் பண்ணி வெளியே வைத்திருக்கிறார்கள். இது பை. இது நாடா."

அவர்களுக்குப் புரியவில்லை. அப்போது என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யார் தடுத்தும் நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்து என் சட்டையை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்கய்யா! நல்லா பாருங்க! பேல்றதுக்குப் பையி! இத வெச்சுக்கினு இவர் யாரக் கொல்லப் போறாரு? எங்க உசுரத்தான் எடுக்கறாரு!"

அந்தக் கான்ஸ்டபிள் பத்தடி, எட்டடி, ஐந்தடி என்று வந்து, குனிந்து, கண்ணாடி போன்ற பைக்குள் பார்த்தார். நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார். "எங்க மாமாக்கும் இதே மாதிரி..." என்று ஏதோ தொடங்கினார். அந்த வாக்கியத்தின் முடிவை நான் கேட்கவில்லை. வெயில் மஞ்சளாகி, பச்சையாகி, கால் இரண்டும் இல்லாமல் போயின.

கண் திறந்தபோது போலீஸ் வேனில் படுத்திருந்தேன். என் மனைவி மடியில் தலை. கான்ஸ்டபிள் சோடா பாட்டிலை என் வாயில் வைத்துக்கொண்டு, "பெரியவரே, பயந்துட்டீங்களா? நான்தான் உங்களவிட பயந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது.

பயத்தில் விழவில்லை நான். உடம்பில் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. நாடி பிடித்த டாக்டர் உடனே படுக்கச் சொல்லி இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார். எடை முப்பத்தெட்டு. "இந்தப் போக்குல போனா மூடறதப் பத்திப் பேசவே வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஏப்ரலில் நாற்பத்தொன்று, ஜூலையில் முப்பத்தெட்டு. ஒழுங்காகத்தானே எல்லாம் செய்தேன்? நோட்டு வேறு கையில் இருக்கிறது. மறுநாள் காலை வார்டு சிஸ்டர் வந்தபோது நோட்டை நீட்டினேன். நாகர்கோவில் பக்கத்தவர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தையும் விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான்.

"ஐயா, நல்லா எழுதியிருக்கிய" என்றார். "எங்க நர்ஸுப் பிள்ளைய கூட இப்படி எழுதாது. இதெல்லாம் வெளிய போனது. சரி. உள்ள வந்ததை எங்கன எழுதியிருக்கிய?"

"உள்ளே வந்ததா?"

"தின்னது, குடிச்சது. அது எந்த நோட்டு?"

அவர் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன்.

"உங்க ஃபாக்டரில ஆளுவ உள்ள வராமலே வெளிய போவாங்களா ஐயா?"

அடுத்த கட்டில்காரர் சிரித்தார். நான் நோட்டை வாங்கித் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து முப்பத்து நான்காம் பக்கம்வரை ஒரே பத்திதான். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு நாளும் இரண்டு பத்தி எழுதியவன் நான். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். என் சொந்த உடம்புக்கு வெளியே போன நேரத்தை மட்டும் எழுதியிருந்தேன். அது குறையக் குறைய வெற்றி என்று கோடு போட்டிருந்தேன்.

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கேளுங்க. வெறுந்தண்ணி குடிச்சா அது நிக்காது, உடம்புல உள்ள உப்பையும் கூட்டிட்டுப் போகும். ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில ஆறு சின்ன ஸ்பூன் சீனி, அரை ஸ்பூன் உப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமா, ஒரேயடியா இல்ல. கஞ்சி, குழைஞ்ச சோறு, பழுத்த வாழப்பழம், ஜவ்வரிசி. இதுவ வெளிய போறதைக் கெட்டியாக்கும். கடலை, தேங்காத்துண்டு, முழுப்பயறு வேண்டாம், அடைச்சுக்கிடும். சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல அரை மணி விடுங்க. தோலுக்கு நான் ஒரு மருந்து தாரேன். பெல்டைக் கொஞ்சம் இளக்கிக் கெட்டுங்க." பெல்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதை யாரு செஞ்சா? நல்ல வேலைக்காரம்லா."

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நோட்டில் முப்பத்தைந்தாம் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் உள்ளே, வலப்பக்கம் வெளியே. காலை ஆறிலிருந்து மணிக்கு நூறு மில்லி உப்புச் சர்க்கரைத் தண்ணீர். ஆறரைக்குக் கஞ்சி. எட்டரைக்கு இரண்டு இட்லி. பத்தரைக்கு வாழைப்பழம், ஒன்று, ஆறு அங்குலம். என் மனைவி மணிச் சத்தம் கேட்டால் டம்ளரோடு வந்து நிற்பாள்.

"ஒரு மாசமா நா சொன்னேன், கேக்கல. வெள்ள உடுப்புக்காரம்மா சொன்னா ஒடனே கேக்குது" என்பாள். டம்ளரை வாங்கிக் குடிப்பேன்.

வெளியே போவது முதல் வாரம் ஆயிரத்து எழுநூறுக்கு ஏறியது. பழைய பழக்கத்தில் டம்ளரைத் தள்ளிவைக்கத் தோன்றியது. எழுதினேன், உள்ளே வந்ததோடு கழித்துப் பார்த்தேன், அடுத்த டம்ளரைக் குடித்தேன். மூன்றாவது வாரம் கூழ் போல் கெட்டியாயிற்று. ஆயிரத்து நூறில் நின்றது. உள்ளே வந்தது இரண்டாயிரத்து நானூறு. ஆகஸ்டு கடைசியில் விறகுத் தொட்டித் தராசு நாற்பத்தொன்றரை என்றது.

இனி ஏறுமுகம்தான் என்று நினைத்தபோது கடலை வந்தது. செப்டம்பரில் ஒரு காலை பிட்டர் ஒரு தூக்கு நிறைய வேகவைத்த பச்சைக் கடலை கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துக் கொல்லைக் கடலை. சிஸ்டர் சொன்னது நினைவிருந்தது. "நன்றாக மென்றால் என்ன ஆகும்" என்று ஒரு கைப்பிடி. இருபத்திரண்டு பருப்பு, அதையும் எண்ணினேன். பத்து மணிக்கு மேல் வலப்பத்தியில் எழுத ஒன்றும் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. வயிறு உப்பி, முறுக்கி முறுக்கி வலித்தது. வெளியே போவதைக் குறைக்கப் பாடுபட்டவனுக்கு அது அடியோடு நின்றபோதுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. பெல்டை அவிழ்த்தேன். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து என் மனைவி வயிற்றை நீவினாள். சாயங்காலம் நான்கு மணி வரை பார்ப்பது, இல்லையென்றால் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி. வலி விட்ட நேரமெல்லாம் கூடத்தில் நடந்தேன், நீளம் பதினான்கு அடி. பிட்டர் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நூத்திப் பன்னண்டு லேட் மார்க்குக்கு நா பழி வாங்கினேன்னு ஊரு சொல்லப் போவுது சார்" என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்குத் திறந்தது. முன்னூற்று இருபது மில்லி. எழுதியபோது எழுத்து கோணியிருந்தது. அதன் பிறகு கடலையை நான் தொட்டதில்லை. வாசலில் விற்றால் மறுபக்கம் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதே தடுப்பு, பல நாள் அதே கான்ஸ்டபிள். பஸ் நின்றதும் ஜன்னலுக்குக் கீழே வந்து, "பெல்ட்டு பெரியவரே, நீங்க எறங்காதீங்க. எத்தினி கிலோ இப்ப?" என்பார். பஸ்ஸில் உள்ளவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாற்பத்திரண்டு என்பேன். நாற்பத்து நான்கு என்பேன்.

நவம்பரில் மழை பிடித்தது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிறு விறகுத் தொட்டியில் ஈர விறகு வாடை. தட்டில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்தே முக்கால்.

"கால் கிலோதானே? நாப்பத்தாறுன்னு எழுதிக்க" என்றார் பிட்டர்.

"முக்கால் என்றால் முக்கால்."

"யோவ், கால் கிலோக்கு யாரு கேக்கப் போறாங்க? இந்தா, இந்த ஸ்பானரை மடியில சொருவிக்கோ." உண்மையிலேயே எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. "நூத்திப் பன்னண்டு லேட் மார்க்கும் நீ ஞாயமாத்தான் போட்டன்னு இன்னிக்குத்தான் நம்பறேன் சார்" என்று ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாற்பத்தாறும் நூறு கிராமும். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, பெல்ட் இருநூற்று நாற்பது. கழித்தால் நாற்பத்தைந்து கிலோ எண்ணூற்று அறுபது. அந்த நூற்று நாற்பது கிராம் என்னைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் மூன்று பழம் தின்று அரை லிட்டர் உப்புத் தண்ணீர் குடித்தேன். சிஸ்டர் பெல்டைக் கழற்றச் சொல்லித் தராசில் ஏற்றினார். நாற்பத்தாறு கிலோ இருநூறு கிராம்.

டாக்டரிடம் போனதும் நானே சொல்லிவிட்டேன். "சார், இதில் அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூன்று பழமும்."

அவர் என் ரத்தச் சீட்டைப் பார்த்தார், மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள் தையல் முழுதாக ஆறியிருந்தது. "உப்பெல்லாம் சரியா இருக்கு. நாளைக்குச் சேர்ந்துடுங்க" என்றார். பிறகு, "எடை நான் ஒரு குறிக்குச் சொன்னதுங்க. நாப்பத்து நாலு இருந்தாலே மூடியிருப்பேன்."

"நாற்பத்து நான்கு அக்டோபர் முதல் வாரமே ஆயிற்றே சார்!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "ஆறு வாரம்!"

"உங்ககிட்ட நாப்பத்து நாலுன்னு சொல்லியிருந்தா அதுக்கு மேல ரெண்டு கிலோ ஏத்தியிருப்பீங்களா?" என்றார். ஏற்றியிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். ஆறு வாரம் ஆறு வாரம்தான். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மூடினார்கள். அதன் பிறகு காத்திருப்பு. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்பதற்கு முதல் அடையாளம் காற்றுப் பிரிவது. சிஸ்டர் தினம் காலையில் வார்டு வாசலில் நின்றே சத்தமாகக் கேட்பார்: "ஐயா, காத்து போச்சா?" எட்டுக் கட்டில்காரர்களும் என் பக்கம் திரும்புவார்கள். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் மூன்றாவது கட்டில்காரர் எனக்கு முன்பாகவே, "இல்ல சிஸ்டர்" என்று பதில் சொன்னார். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் இந்தப் பேச்சை நான் மனைவி முன்னால் பேசியதில்லை. நான்காம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்: "போயிற்று. ஐந்து நாற்பத்திரண்டுக்கு."

வார்டே கை தட்டியது.

ஆனால் நான் ஏழாம் நாளுக்காகக் காத்திருந்தேன். போன தடவை தையல் விட்டது ஏழாம் நாள். அன்று காலையிலிருந்து தெர்மாமீட்டரை நானே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஆறுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. பத்துக்கு அதே. இரண்டுக்கு அதே. இரண்டு இட்லி உள்ளே போயிற்று. வெளியே போனது கீழ்வழியாக, எல்லோரையும் போல. மாலை நான்குக்குப் பார்வையாளர் நேரம். பிட்டர் நான்கு இருபதுக்கு வந்தார். என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார்.

"போட்டுக்க. செவப்பு மையிலயே போட்டுக்க" என்றார். பிறகு குனிந்து, "காய்ச்சல்?"

"இல்லை."

என் காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

அப்போது சிஸ்டர் வந்தார். மூன்றாவது கட்டில்காரருக்கு இரண்டு நாள் முன்பு குடலை வெளியே வைத்திருந்தார்கள். பை ஒட்டவில்லை, படுக்கையெல்லாம் நனைகிறது. "ஐயா, அந்த பெல்டை அவருக்குக் குடுப்பியளா? உங்களுக்கு இனி வேண்டாம்லா."

நான் பிட்டரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ரூலை எடுத்துக்கொண்டு மூன்றாவது கட்டிலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, கேட்டு தொறந்துக்கிச்சா? கொஞ்சம் காட்டு. சார் பெல்ட்டு உனுக்கு ஆவாது, உனுக்குத் தொப்ப கீது." குனிந்து அளந்தார். அங்கிருந்தே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "நாப்பத்தி ரெண்டு எம்எம். எழுதிக்க டைம் ஆபீசு!"

தலையணைக்குக் கீழிருந்து நோட்டை எடுத்தேன்.